கையொப்பம் இல்லாத நகல் வந்தால் கடன் அட்டை ஒப்பந்தம் செல்லாததாகிவிடுமா?

கேட்கப்பட்ட கேள்வி இது. இங்கிலாந்தில் வசிக்கும் ஒருவர் 2004ஆம் ஆண்டு ஒரு வங்கியில் கடன் அட்டை பெற்றார். வேலை போன பிறகு தவணை கட்ட முடியாமல் போனது. கடைசியாகப் பணம் கட்டி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வங்கி அந்தக் கடனை வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு எழுதியதற்கு, அந்த நிறுவனம் புதிதாக அச்சிட்டது போன்ற ஆறு பக்கங்களை அனுப்பியிருக்கிறது. அவற்றில் எங்கும் கையொப்பம் இல்லை. "கையெழுத்து இல்லாததால் ஒப்பந்தம் செல்லாது, இனி ஒரு காசும் கட்ட வேண்டாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், இது சரியா?" என்று கேட்டிருக்கிறார்.

நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அது வேறொரு கேள்விக்குரிய பதிலின் பாதி. உங்களுக்கு இப்போது அனுப்பப்பட்ட நகல் சட்டம் கேட்கும் நகல்தானா என்பது ஒரு கேள்வி. 2004இல் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அன்றைய விதிகளின்படி முறையாகச் செய்யப்பட்டதா என்பது இன்னொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் வெல்லக்கூடிய வழக்குகளைச் சிலர் தோற்கிறார்கள், தோற்கும் வழக்குகளில் சிலர் பிடிவாதமாக நின்று நீதிமன்றச் செலவையும் சேர்த்துச் சுமக்கிறார்கள்.

முதலில் நகலைப் பார்ப்போம். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி, கடன் அட்டைதாரர் எழுத்து மூலம் கேட்டு 1 பவுண்டு கட்டணமும் செலுத்தினால், கடன் கொடுத்தவர் ஒப்பந்தத்தின் நகலையும், கணக்கில் இப்போது எவ்வளவு பாக்கி, எவ்வளவு உடனே செலுத்தப்பட வேண்டும் என்பன போன்ற விவரங்கள் அடங்கிய அறிக்கையையும் 12 வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். கடனை விலைக்கு வாங்கிய நிறுவனத்துக்கும் இந்தக் கடமை உண்டு. "ஆவணங்கள் பழைய வங்கியிடம் இருக்கின்றன, அங்கே கேளுங்கள்" என்று அது தட்டிக்கழிக்க முடியாது. கொடுக்கத் தவறினால், தவறியிருக்கும் காலம் வரை அந்த ஒப்பந்தத்தை அமல்படுத்த, அதாவது நீதிமன்றத்தின் மூலம் கட்டாயமாக வசூலிக்க, அதற்கு உரிமை இல்லை. இந்த "தவறியிருக்கும் காலம் வரை" என்பதைக் கவனியுங்கள். ஆறு மாதம் கழித்து அவர்கள் சரியான நகலை அனுப்பினால் அந்தத் தடை அன்றே நீங்கிவிடும். ஆகவே 78ஆம் பிரிவு தருவது ஒரு தற்காலிகப் பூட்டு மட்டுமே, கடன் நிவாரணம் அன்று.

அந்த நகலில் கையொப்பம் இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நகல்கள் பற்றிய 1983ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளே கையொப்பத்தை விட்டுவிட அனுமதிக்கின்றன. 2009 டிசம்பரில் தீர்ப்பளிக்கப்பட்ட கேரி எதிர் எச்எஸ்பிசி வழக்கில் நீதிபதி வாக்ஸ்மன் இதை மேலும் விரிவாக்கினார்: மூல ஆவணத்தை ஒளிநகல் எடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை, வங்கி தன்னிடமுள்ள பதிவுகளைக் கொண்டு அந்த ஒப்பந்தத்தை மீட்டுருவாக்கியும் அனுப்பலாம். ஆனால் அந்த மீட்டுருவாக்கம் நேர்மையானதாகவும் துல்லியமானதாகவும் இருக்க வேண்டும். ஒப்பந்தம் செய்த காலத்தில் உங்களுக்கு இருந்த பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். பிற்பாடு நிபந்தனைகள் மாற்றப்பட்டிருந்தால், தொடக்க நிபந்தனைகளோடு மாற்றப்பட்ட நிபந்தனைகளும் சேர்த்துத் தரப்பட வேண்டும். உங்களுக்கு வந்த ஆறு பக்கங்களைக் கையெழுத்தை வைத்து அல்ல, இந்த மூன்றை வைத்துச் சோதியுங்கள்.

அந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்பதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒருவர் கொண்டுவந்த நகலின் தலைப்பில் "2003ஆம் ஆண்டு நிபந்தனைகள்" என்று இருந்தது. மூன்றாம் பக்கத்தில், தாமதக் கட்டணம் 12 பவுண்டு என்று குறிப்பிடப்பட்டிருந்தது. ஆஃபீஸ் ஆஃப் ஃபேர் டிரேடிங் என்ற அன்றைய கண்காணிப்பு அமைப்பு 2006 ஏப்ரலில்தான், 12 பவுண்டுக்கு மேற்பட்ட தாமதக் கட்டணங்களை நியாயமற்றவையாகக் கருதப்போவதாக அறிவித்தது. அதற்கு முன் வங்கிகள் பொதுவாக 20 முதல் 25 பவுண்டு வரை வசூலித்துவந்தன. ஆகவே 2003இல் அச்சிட்டதாகச் சொல்லப்பட்ட தாளில் 12 பவுண்டு என்றிருப்பது, பிற்கால நிபந்தனைகளை எடுத்து முன்தேதியிட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்பதற்கு வலுவான அறிகுறி. பக்கத்தின் அடி மூலையில் எறும்பு ஊர்ந்தது போல் சிறிய எழுத்தில் ஓர் அச்சுக் குறியீடும் இருந்தது. அதில் மாதமும் ஆண்டும் தெளிவாகத் தெரிந்தன, அதுவும் 2003 அன்று. இதைச் சுட்டிக்காட்டி எழுதியதும், கணக்கை "தற்போது அமல்படுத்த இயலாதது" என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு பதில் அனுப்பியது. உங்கள் 2004ஆம் ஆண்டு நகலிலும் தாமதக் கட்டணத்தையும், அடிமூலைக் குறியீட்டையும், முகவரியையும் முதலில் பாருங்கள். 2004இல் நீங்கள் குடியிருந்த வீட்டின் முகவரிக்குப் பதிலாக இன்றைய முகவரி இருந்தால், தகவல் தளத்திலிருந்து தானாக நிரப்பப்பட்ட படிவம் அது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இனி இரண்டாவது கேள்வி. உண்மையில் பெரிய கேள்வி இதுதான். உங்கள் ஒப்பந்தத்தின் தேதி 2007 ஏப்ரல் 6க்கு முன்பா, பின்பா என்பதைப் பொறுத்தே பதில் அமையும். அந்தத் தேதிக்கு முன் செய்யப்பட்ட ஒப்பந்தங்களுக்கு, சட்டத்தின் 127ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு மிகக் கடுமையான ஒரு விதியை வைத்திருந்தது: கட்டாய விவரங்கள் அனைத்தும் அடங்கிய ஆவணத்தில் கடன் பெறுபவர் கையொப்பமிடவில்லை என்றால், நீதிமன்றம் அமலாக்க ஆணை பிறப்பிக்கவே கூடாது. நீதிபதிக்கு இதில் விருப்புரிமை கிடையாது. கடன் வாங்கியவர் பணத்தை வாங்கிச் செலவழித்தது உண்மை என்றாலும் கிடையாது. 2006ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இந்த உட்பிரிவை 2007 ஏப்ரல் 6 முதல் நீக்கியது, ஆனால் முந்தைய ஒப்பந்தங்களுக்கு அது இன்றும் உயிரோடிருக்கிறது. உங்களுடையது 2004 என்பதால் நீங்கள் இந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

இந்த விதியின் கூர்மையை உணர வேண்டுமானால் வில்சன் எதிர் ஃபர்ஸ்ட் கவுண்டி டிரஸ்ட் வழக்கைப் பார்க்க வேண்டும். ஒரு பெண்மணி தமது பிஎம்டபிள்யூ காரை அடகு வைத்து 5,000 பவுண்டு கடன் வாங்கினார். ஆவணக் கட்டணம் 250 பவுண்டைக் கடன் தொகையோடு சேர்த்து 5,250 என்று கடன் கொடுத்தவர் எழுதிக்கொண்டார். அந்தக் கட்டணம் கடன் தொகையின் பகுதி அன்று, ஆகவே கட்டாய விவரமான கடன் தொகை தவறாகக் குறிக்கப்பட்டிருக்கிறது, ஆகவே ஒப்பந்தத்தை அமல்படுத்தவே முடியாது என்று முடிவாயிற்று. இவ்வளவு கடுமையான விதி கடன் கொடுப்பவரின் சொத்துரிமையைப் பறிக்கிறதே என்ற வாதம் அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய், 2003இல் அங்கே நிராகரிக்கப்பட்டது. 250 பவுண்டை எந்த வரியில் எழுதுவது என்ற கணக்கர் பிழைக்காக முழுக் கடனையும் இழப்பது கொஞ்சம் அதிகம்தான் என்று எனக்கே தோன்றுவதுண்டு. ஆனால் படிவத்தை எழுதுபவர் எப்போதும் கடன் கொடுப்பவரே என்பதால், பிழையின் பாரமும் அவர் மீதே விழட்டும் என்று அன்றைய நாடாளுமன்றம் தெரிந்தே முடிவு செய்திருந்தது.

கடன் அட்டையைப் பொறுத்தவரை அந்தக் கட்டாய விவரங்கள் மூன்றே. கடன் வரம்பு, அல்லது அது எப்படித் தீர்மானிக்கப்படும் என்ற குறிப்பு; வட்டி விகிதம்; திருப்பிச் செலுத்தும் முறை, அதாவது எவ்வளவு, எப்போது, அல்லது அவற்றை எப்படிக் கணக்கிடுவது என்பது. 1983ஆம் ஆண்டு ஒப்பந்த ஒழுங்குவிதிகளின் 6ஆம் அட்டவணையில் இவை இருக்கின்றன. "உங்கள் கடன் வரம்பை நாங்கள் அவ்வப்போது முடிவு செய்து தெரிவிப்போம்" என்ற வாசகம் போதாது என்று பலர் வாதிடுகிறார்கள்; அட்டவணையே "தீர்மானிக்கப்படும் முறை" என்பதை ஏற்பதால் அந்த வாதம் எடுபடுவதில்லை. அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

வலுவான வாதம் வேறிடத்தில் இருக்கிறது. அன்று பேரங்காடி வாசலிலும் விமான நிலையத்திலும் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பப் படிவங்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் பெயர், முகவரி, சம்பளம். கீழே கட்டத்துக்குள், இது நுகர்வோர் கடன் சட்டத்துக்கு உட்பட்ட ஒப்பந்தம், அதன் நிபந்தனைகளுக்குச் சட்டப்படி கட்டுப்பட விரும்பினால் மட்டும் கையொப்பமிடுங்கள் என்ற வாசகம். அதனருகில் உங்கள் கையெழுத்து. வட்டி விகிதமும் தவணை விவரமும் எங்கே? அவை அதே தாளின் பின்பக்கத்திலோ, மடித்து இணைக்கப்பட்ட தாளிலோ இருந்திருந்தால், எல்லாம் சேர்ந்து ஒரே ஆவணம் என்று நீதிமன்றம் கொள்ளும். தாள்கள் தைக்கப்பட்டிருந்தனவா என்பதைவிட, கையெழுத்திடும்போது அவை உள்ளடக்கத்தில் ஒன்றாக இருந்தனவா என்பதே முக்கியம் என்று கேரி வழக்கு சொல்கிறது. மாறாக, அட்டை தபாலில் வந்தபோதுதான் நிபந்தனைக் கையேடும் வந்தது, கையெழுத்திட்ட தாளில் "எங்கள் நிபந்தனைகள் பொருந்தும்" என்ற ஒரு வரி மட்டுமே இருந்தது என்றால், அது போதாது. மற்ற நிபந்தனைகளை வேறோர் ஆவணத்தைச் சுட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டாய விவரங்கள் மூன்றும் கையெழுத்திட்ட ஆவணத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும்.

இங்கேதான் கையொப்பம் பற்றிய உங்கள் நண்பர்களின் கருத்துக்கு உயிர் வருகிறது. 78ஆம் பிரிவின் கடமையைத் தீர்க்க மீட்டுருவாக்கிய நகல் போதும். ஆனால் 2007க்கு முந்தைய ஒப்பந்தத்தின் மேல் வழக்குப் போட்டு, நீங்கள் அதை மறுத்தால், நீங்கள் முறையான ஆவணத்தில் கையெழுத்திட்டீர்கள் என்பதை அவர்கள் நிரூபிக்க வேண்டும். அதற்கு மூலத் தாள் கட்டாயம் இல்லை. "அந்த ஆண்டில் இந்தப் படிவத்தைத்தான் பயன்படுத்தினோம், கையெழுத்திடாத எவருக்கும் அட்டை கொடுத்ததில்லை" என்று வங்கி அதிகாரி ஒருவர் சாட்சியம் அளித்து, படிவத்தின் மாதிரியையும் காட்டினால், நிகழ்தகவின் அடிப்படையில் நீதிமன்றம் அதை ஏற்கக்கூடும். ஆனால் கடனைக் கட்டுக்கட்டாக வாங்கும் நிறுவனத்தால் அப்படிப்பட்ட சாட்சியை எளிதில் கொண்டுவர முடிவதில்லை. "எனக்கு நினைவில்லை" என்று மட்டும் சொல்லி நிற்பதைவிட, படிவத்தை எங்கே நிரப்பினீர்கள், கையேடு எப்போது வந்தது என்று நினைவிலிருப்பதை உண்மையாக எழுதிக் கொடுப்பதே பயன் தரும். இல்லாததைச் சேர்க்க வேண்டாம். வாக்குமூலத்தின் அடியில் உண்மை என்று உறுதியளித்துக் கையெழுத்திடுவது நீங்கள்தான்.

2007 ஏப்ரல் 6க்குப் பிந்தைய ஒப்பந்தம் என்றால் கதை வேறு. அப்போது குறைபாடு இருந்தாலும், அது உங்களுக்கு என்ன பாதிப்பை ஏற்படுத்தியது, கடன் கொடுத்தவரின் தவறு எவ்வளவு என்பதை எடைபோட்டு நீதிமன்றம் ஆணை பிறப்பிக்கலாம், தொகையைக் குறைக்கவும் செய்யலாம். முழுமையான தடை இல்லை. இணையத்தில் விண்ணப்பித்தவர்கள் கையெழுத்தே போடவில்லையே என்று வாதிடுவதும் உதவாது. "ஏற்கிறேன்" என்ற பொத்தானை அழுத்துவதும் கையொப்பமே என்று 2014இல் பஸ்ஸானோ எதிர் டாஃப்ட் வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அமல்படுத்த முடியாத கடன் இல்லாமல் போன கடன் அன்று. 2009இல் மெக்கஃபிக் எதிர் ராயல் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து வழக்கில், தடை இருக்கும் காலத்திலும் வங்கி பணம் கேட்கலாம், கடன் தகவல் முகமைகளுக்குத் தவறுதலைத் தெரிவிக்கலாம், வழக்குத் தொடுப்பதுகூட அமலாக்கத்தை நோக்கிய படியே தவிர அமலாக்கம் அன்று என்று முடிவாயிற்று. நீங்கள் விருப்பத்தோடு கட்டிய பணத்தையும் திரும்பக் கேட்க முடியாது. ஆனால் ஒன்றைக் கோரலாம். 2014 ஏப்ரல் முதல் இத்துறையை மேற்பார்வையிடும் ஃபைனான்ஷியல் கண்டக்ட் அத்தாரிட்டியின் விதிகளின்படி, கடனை அமல்படுத்த முடியாது என்று தெரிந்த நிறுவனம், முடியும் என்ற தோற்றத்தை உங்களிடம் உருவாக்கக் கூடாது. அப்படி மிரட்டும் கடிதங்கள் வந்தால், முதலில் அந்த நிறுவனத்திடமும், எட்டு வாரத்தில் தீர்வு கிடைக்காவிட்டால் நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் நிதித் துறை ஆம்புட்ஸ்மனிடமும் முறையிடலாம்.

ஒப்பந்தம் பழுதில்லாமல் இருந்தாலும் கடன் கொடுத்தவர் தடுமாறக்கூடிய இடம் டிஃபால்ட் நோட்டீஸ், அதாவது தவணை தவறியதைச் சுட்டும் எச்சரிக்கை அறிவிப்பு. ஒப்பந்தத்தை முறித்து முழுத் தொகையையும் கேட்பதற்கு முன், எதில் தவறினீர்கள், சரிசெய்ய என்ன செய்ய வேண்டும் என்று குறிப்பிட்டு, அது உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து குறைந்தது 14 நாள் அவகாசம் கொடுத்து எழுத வேண்டும். கடிதத்தில் எழுதிய தேதியிலிருந்து 14 நாள் என்று கணக்கிட்டால் தபால் நாட்கள் குறைந்துவிடும். பிராண்டன் எதிர் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வழக்கில் 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை அற்பப் பிழை என்று ஒதுக்கிவிட மறுத்தது. பழைய கடிதக் கட்டை எறிந்துவிடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுவே காரணம். உறையின் மேலுள்ள தபால் முத்திரைகூடச் சில நேரம் பேசும்.

கடனுக்காக வழக்குத் தொடுப்பதற்கான காலவரையறையையும் தவறாகக் கணக்கிட்டுவிடாதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு ஆண்டு. ஆனால் கடைசித் தவணை கட்டிய நாளிலிருந்து எண்ணத் தொடங்குவது சரியாக இருக்காது: பிஆர்ஏ குரூப் எதிர் டாய்ல் வழக்கில் 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், டிஃபால்ட் நோட்டீஸின் கெடு முடிந்த பிறகே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது என்று தீர்மானித்தது. அந்தக் கெடுவுக்குப் பின் நீங்கள் ஒரு பவுண்டு கட்டினாலோ, கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு எழுதினாலோ எண்ணிக்கை மறுபடி தொடங்கும். ஆகவே நான்கு ஆண்டு ஆகிவிட்டது, இன்னும் இரண்டுதான் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். நோட்டீஸின் தேதியைத் தேடுங்கள். ஸ்காட்லாந்தில் ஐந்து ஆண்டு, அங்கே காலம் கடந்தால் கடனே அழிந்துவிடும். அது தனி முறை.

செய்ய வேண்டியது என்னவென்றால், அந்த நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் "எந்தக் கடனையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை" என்று தொடங்கி, அனுப்பிய நகலில் தாமதக் கட்டணமோ முகவரியோ காலத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அதைப் பக்க எண்ணோடு குறிப்பிட்டு, 78ஆம் பிரிவின் கடமை இன்னும் நிறைவேறவில்லை என்று எழுதுங்கள். கூடவே பழைய வங்கிக்கு, உங்களைப் பற்றி அது வைத்திருக்கும் தகவல்களின் நகலைக் கேட்கும் தனிநபர் தரவு கோரிக்கை ஒன்றை அனுப்புங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். கையெழுத்திட்ட விண்ணப்பத்தின் படம் வங்கியிடம் இருக்கிறதா, இல்லையா என்பது பெரும்பாலும் அதில்தான் வெளிப்படும். கடன் கைமாறியதைத் தெரிவிக்கும் எழுத்துபூர்வ அறிவிப்பு வந்ததா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்குக்கு முந்தைய கடிதம் வந்தால் 30 நாட்களுக்குள் அதனுடன் வரும் பதில் படிவத்தை நிரப்பி, எந்த ஆவணங்கள் வேண்டும் என்பதை அதிலேயே கேளுங்கள். கவுண்டி கோர்ட்டிலிருந்து கோரிக்கைப் படிவம் வந்துவிட்டால் அவகாசம் 14 நாள்தான். வழக்கை எதிர்க்கப்போவதாக ஒப்புகை தெரிவித்தால் மொத்தம் 28 நாள் கிடைக்கும். பதில் போடாமல் விட்டால், மேலே சொன்ன வாதங்களில் ஒன்றைக்கூட எவரும் படிக்காமலேயே உங்களுக்கு எதிராகத் தீர்ப்புப் பதிவாகும், பிறகு அதை நீக்கக் கேட்டு விண்ணப்பிக்கக் கட்டணமும் காரணமும் தேவைப்படும். முன்பணம் வாங்கிக்கொண்டு கடனை அழித்துத் தருவதாகச் சொல்பவர்களிடம் போகாமல், நேஷனல் டெட்லைன், ஸ்டெப்சேஞ்ச், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகிய இலவச அமைப்புகளில் ஒன்றிடம் அந்த ஆறு பக்கங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். கோரிக்கைப் படிவம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.